குட்டி எனக்கு, பேர் உனக்கு

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கல்யாண மண்டபத்து வாசலில் இரண்டு குதிரைகள் நின்றன. மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக்குக் கொண்டுவந்தவை. இப்போதெல்லாம் கோவில்பட்டி மாப்பிள்ளைகளும் குதிரையேறத் தொடங்கிவிட்டார்கள். ஒன்று வெள்ளை ஆண் குதிரை, இன்னொன்று பெட்டை. பெட்டை தார் ரோட்டில் நீர் விட்டது. ஆண் குதிரை குனிந்து அதை மோந்தது. பிறகு கழுத்தை நீட்டி, தலையை வானத்துக்குத் தூக்கி, மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் தெரிய நின்றது. குதிரை சிரிக்கிறது என்று பிள்ளைகள் கூத்தாடினார்கள். போட்டோ எடுக்கிறவன் ஓடிவந்து மாப்பிள்ளையை அதன் பக்கத்தில் நிறுத்தி, அவரையும் சிரிக்கச் சொல்லி ஒரு படம் எடுத்துக்கொண்டான்.

அது சிரிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும். பெட்டைக்குப் பருவம் வந்துவிட்டதா என்று ஆண் குதிரை வாடையை உள்ளே இழுத்துப் பார்க்கிற வேலை அது. அந்த மாப்பிள்ளை தன் கல்யாண ஆல்பத்தில் காலம் முழுக்க எதற்குப் பக்கத்தில் நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருக்கப் போகிறார் என்பதைச் சொன்னால், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஆள் இந்த ஊரில் ஒருவன்தான் இருந்தான். சொல்வதற்காகப் பக்கத்தில் திரும்பினேன். பூக்காரி ஒருத்தி நின்றாள். காரமான அந்த வாடை மட்டும் மூக்கை விட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து, முகத்தைக் கழுவிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கலாமா என்று யோசித்தேன். பாதி பொய்யாகிவிடும். உன்மேல் அன்பு இல்லாமல் இல்லை. ஆனால் அதற்கு முன்னாலேயே பொறாமை வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. அன்பு வந்தபோது ஓரமாக ஒண்டத்தான் இடம் இருந்தது. இதை நீ உயிரோடு இருக்கும்போது சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, என் மூஞ்சியே சொல்லிவிடும் என்று நீதான் சொல்வாய்.

எழுபதுகளின் நடுவில் நாம் இரண்டு பேரும் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஜட்கா ஓட்டினோம். அங்கே வரிசை என்று ஒன்று உண்டு. முதலில் வந்து நிற்கிறவன் முதல் சவாரியை எடுக்க வேண்டும். ஆனால் ரயிலை விட்டு இறங்கி வருகிற சனம் வரிசையையா பார்க்கும்? வாசல்படியில் கால் வைத்ததும் கண் நேராக உன் துரைமேல் போகும். அந்தியூர்ச் சந்தையில் நீ பிடித்துவந்த வெள்ளைக் குதிரை, நல்ல உயரம், தலையை ஆட்டினால் கழுத்து மயிர் அலையும். அதற்கு முன்னால் என் மட்டக்குதிரை நிற்கும். கட்டையன் என்று பேர். மண் நிறம், குட்டைக் கால், முதுகெலும்பு நெடுக வால்வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு. முன்னால் நிற்கிற என் வண்டியைத் தாண்டிக்கொண்டு உன் வண்டியில் ஏறுவார்கள். நீ வேண்டாம் என்பாய், அந்த வண்டிக்குத்தான் முறை என்று கையைக் காட்டுவாய். அது இன்னும் மோசம். நீ சொல்லி ஏறுகிறவர்கள் கடைக்குப் போய் மட்டத்துணி வாங்கியவர்கள் மாதிரி என் வண்டியில் உட்கார்ந்திருப்பார்கள்.

என் மாமியார் முதல்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தபோது, மருமகன் வண்டி நிற்கும்போதே, உன் வண்டியில் ஏறி வந்து இறங்கினாள். அது கொஞ்சம் லட்சணமாக இருந்தது என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். உனக்கு ஊர் எப்போதும்வென்றான். அந்தப் பேரைப் பஸ் போர்டில் பார்த்தால்கூட அந்தக் காலத்தில் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என் குதிரையை நான் அவன் என்பேன், உன் குதிரையை அது என்பேன். நீ அதையும் கவனித்துச் சிரிப்பாய்.

ஜட்காக் குதிரைகளில் முக்கால்வாசி காயடித்தவை. நம் ஸ்டாண்டில் முழு ஆணாக நின்றவை துரையும் கட்டையனும்தான். அதனால்தான் இடைசெவலுக்குக் கிழக்கே இருந்த சம்சாரி ஒருவர் நம்மைத் தேடி வந்தார். பருத்தியும் கம்பும் போடுகிற பெரிய சம்சாரி, வீட்டுக்குள் தெலுங்கு, வெளியே தமிழ். அவர் சவாரி வண்டிக்கு எட்டயபுரம் பக்கம் வாங்கிய ஒரு செவலைப் பெட்டை நின்றது. அதற்கு உயரமான குட்டி வேண்டும் என்பது அவர் ஆசை. துரையைப் பார்த்ததும் பேச்சை முடித்துவிட்டார்.

கரிசல் பக்கம் ஆட்டையும் மாட்டையும் வாரத்துக்கு, அதாவது ஈனுகிற குட்டியில் பங்குக்கு, விடுகிற வழக்கம் உண்டல்லவா, அதே வழக்கத்தைக் குதிரைக்கும் பேசினார். முதல் ஈத்துக் குட்டி பொலிகுதிரைக்காரனுக்கு, அதாவது ஆண் குதிரையை விடுகிறவனுக்கு, பால்குடி மறந்ததும் கொண்டுபோகலாம். அதற்கப்புறம் ஈனுகிறதெல்லாம் பெட்டைக்காரருக்கு. குட்டி பெட்டையாக இருந்தாலும் ஆணாக இருந்தாலும் பேச்சு மாறாது. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். கட்டையனுக்கு வயசு ஏறிக்கொண்டிருந்தது, ஏற்றத்தில் மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தான். அடுத்த குதிரைக்கு எனக்கு வழி இல்லை. உனக்கு ஒரு குட்டிமேல் ஆசை, எனக்கு ஒரு குட்டி இல்லாவிட்டால் வண்டி நின்றுவிடும். ஆனால் குட்டி உனக்குத்தான் வரப்போகிறது. வேண்டியவனுக்குக் கிடைக்காது, வேண்டாதவன் வீட்டு வாசலில் வந்து விழும் என்று அன்று முழுக்கப் பொருமிக்கொண்டிருந்தேன்.

அத்தோடு போயிருந்தாலும் பரவாயில்லை. பெட்டைக்கு என்றைக்குப் பருவம் என்று தெரிய வேண்டும். பசு என்றால் கத்தும், குதிரை அப்படிக் கத்தி ஊரைக் கூட்டாது. ஆண் ஒன்றைக் கிட்டே கொண்டுபோய் நிறுத்தினால்தான் அது என்ன செய்கிறது என்பதை வைத்துத் தெரியும். துரையைத் தினமும் கொண்டுபோனால் வெறி பிடித்து வண்டி இழுக்காது. அதனால் கட்டையனைக் கொண்டுபோய்க் காட்டிப் பார்ப்பது என்று நீயே யோசனை சொன்னாய். சம்சாரிக்கும் அது பிடித்துவிட்டது. பருவம் வந்தால் சொல்லி அனுப்புவது என் வேலை, துரையைக் கொண்டுவருவது உன் வேலை. எனக்குக் கூலி ஒரு கட்டுச் சோளத்தட்டை. நான் ஏன் சம்மதித்தேன் என்று கேட்காதே. கட்டையனுக்குத் தீனி வேண்டியிருந்தது.

சித்திரை மாசம். காய்ந்த பருத்திச் செடியின் மாரைப் பிடுங்கிப் போட்ட காடு, வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் குதிரைக் கால் இறங்கினால் முறிந்துபோகும் என்று ஓடையை ஒட்டிய மணல் தரையில் செவலையை விட்டிருந்தார்கள். காலை ரயில் சனத்தை இறக்கிவிட்டு, வண்டியை அவிழ்த்துப்போட்டுவிட்டு, கட்டையனைப் பிடித்துக்கொண்டு போவேன். முதல் நாள் அவன் தூரத்திலேயே கனைத்தான். நான் அவனிடம் அதுவரைக்கும் கேட்காத கனைப்பு, அடித்தொண்டையில் மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி. கழுத்தை வளைத்துக்கொண்டு, அந்தக் குட்டைக் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் போனான். செவலை காதை இரண்டையும் பின்னால் படுத்துக்கொண்டது, கீச்சென்று ஒரு சத்தம் போட்டது, திரும்பி இரண்டு பின்னங்காலாலும் விட்டது ஒரு உதை. நெஞ்சில் வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தான். என்னிடம் என்ன இருக்கிறது, வா போகலாம் என்றேன்.

ஆனால் அவனுக்கு ரோசம் இல்லை. மறுநாளும் அதே கனைப்பு, அதே நடை, அதே உதை. இப்போது உதை விழும் தூரம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. அதற்கு ஒரு முழம் வெளியே நின்று, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு புல்லைக் கரண்டுவான், அவளை நினைத்தே வரவில்லை என்கிற மாதிரி. பிறகு தலைப் பக்கமாகச் சுற்றி வந்து மூக்கோடு மூக்கை வைப்பான். அவள் கீச்சிட்டு முன்னங்காலால் அடிப்பாள். ஒதுங்குவான். மறுபடி வருவான். நான் உடைமரத்து நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். உன் துரைக்குப் பொண்ணு பார்க்க என் குதிரை உதை வாங்குகிறது என்று ஆத்திரமாக வரும். ஸ்டாண்டுக்கு வந்தால் நீ வேறு கதை கேட்பாய். "காதைப் பாத்தியாலே? குதிரைக்குப் பேச்சு வாயில இல்ல, காதுலதான் இருக்கு" என்பாய். இதெல்லாம் பார்த்துக்கொண்டு வந்து உனக்கு ஒப்பிக்கவும் நான்தான் வேண்டும்.

கொஞ்ச நாளில் உதை குறைந்தது. அவன் அவள் கழுத்து மயிரைப் பல்லால் மெல்ல நிமிண்டினால் விட்டுக்கொடுத்தாள். ஒரு காலை நாங்கள் வரப்பில் ஏறும்போதே அவள் தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு நின்றாள், காது முன்னால் இருந்தது. அவன் கிட்டே போனதும் பின்னங்காலை அகட்டி, வாலை ஒரு பக்கம் ஒதுக்கி, கொஞ்சம் கொஞ்சமாக நீர் விட்டாள். உதைக்கவில்லை. கட்டையன் மோந்துபார்த்துத் தலையை வானத்துக்குத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டினான். நான் கயிற்றைச் சுண்டி இழுத்துக்கொண்டு வந்தேன். அன்றைக்கு அவன் வரமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டான். சம்சாரி வீட்டு ஆள் சைக்கிளை எடுத்துக்கொண்டு உனக்குச் சொல்லப் போனான். நான் என் குதிரையை உடைமரத்தில் கட்டினேன்.

நீ துரையைத் தேய்த்துக் குளிப்பாட்டிக் கொண்டுவந்தாய். சம்சாரியும் அவர் ஆட்களும் மாப்பிள்ளை வருகிற மாதிரி எழுந்து நின்றார்கள். துரைக்குக் கட்டையனின் அந்த நடை எங்கே வரும்? வரும்போதே பின்னங்காலில் எழுந்தது, காடு அதிரக் கத்திக்கொண்டு நேரே அவள்மேல் பாய்ந்தது. செவலை காதைப் படுத்துக்கொண்டு விட்டாள் பாரு உதை, உன் துரை பின்வாங்கிய வேகத்தில் நீ மணலில் உட்கார்ந்துவிட்டாய். எனக்கு உள்ளுக்குள் பால் வார்த்த மாதிரி இருந்தது. மறுபடியும் மறுபடியும் விட்டுப்பார்த்தீர்கள். உதைதான். சம்சாரிக்கு முகம் சுருங்கிப்போனது. பசுவைக் கட்டிப்போட்டுச் சேர்க்கிற மாதிரி இதையும் கட்டித்தான் சேர்க்க வேண்டும், கயிற்றுக்கு அடங்காதது எது என்றார். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. முதலில் சாப்பிட்டுவிட்டு வருவோம் என்று எல்லாரும் தோட்டத்துக்குப் போனோம். நீ மட்டும் வரவில்லை. குதிரைகளைப் பார்த்துக்கொள்கிறேன், எனக்குப் பசியில்லை என்றாய்.

கம்மஞ்சோறும் மோரும் போட்டார்கள். சம்சாரி வீட்டம்மா ஒரு சட்டியில் தனியாகக் கருவாட்டுக் குழம்பு ஊற்றி மூடிவைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். பெரிய குதிரைக்காரருக்கு என்றாள். நான் இருந்த மோரைக் குடித்துவிட்டுக் கையைக் கழுவினேன்.

திரும்பி வந்ததும் செவலையை இரண்டு மரத்துக்கு நடுவில் கட்டினார்கள். பின்னங்கால் இரண்டுக்கும் கயிறு, மேலுதட்டில் சுருக்குப் போட்டு ஒரு கம்பில் முறுக்கி ஒருவன் பிடித்துக்கொண்டான். துரையை விட்டாய். அவள் அசையவே இல்லை. காரியம் முடிந்தது. கட்டினால் அடங்கிவிடும் என்று சொன்னேனே என்று சம்சாரி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். எனக்கு அந்த இடத்தில் நிற்கப் பிடிக்கவில்லை. உடைமரத்துக்கு வந்தேன். கட்டையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு, ஒரு காலை மடக்கி, கண்ணை அரைவாசி மூடி நின்றான். பாவம், பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறான் என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு நமக்கு விதித்தது இவ்வளவுதான்டா என்றேன்.

செவலைக்குச் சினை பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு ஒரு நாள் துரையைக் கிட்டே விட்டார்கள், வேலியோரம் வருவதற்கு முன்னாலேயே உதைத்து விரட்டினாள். வயிறு வளர வளர ஸ்டாண்டில் உன் பேச்சும் வளர்ந்தது. நீ பேசவில்லை, மற்றவர்கள் பேசினார்கள். துரைக்கு வாரிசு வரப்போகிறது என்று டீக்கடையில் உனக்குப் பந்தம் பிடித்தார்கள். பதினோரு மாசம் அதைக் கேட்டுக்கொண்டு கட்டையனுக்குக் கொள்ளு அவித்துப் போட்டுக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் குட்டி பிறந்ததாகச் சொல்லி அனுப்பினார்கள். வாலே போவோம் என்று என்னையும் உன் வண்டியில் ஏற்றிக்கொண்டாய். உன் வண்டியில் நான் சவாரியாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். மாட்டுக் கொட்டத்துக்குள் சம்சாரி நின்றார், முகத்தில் சந்தோசம் இல்லை. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் நின்றது. பெட்டைக் குட்டி. குட்டைக் கால். மண் நிறம். கழுத்திலிருந்து வால்வரைக்கும், யாரோ உட்கார்ந்து இழுத்துவிட்ட மாதிரி, ஒரு கறுப்புக் கோடு.

அது யார் கோடு என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை. நான் சொன்னால் பொறாமையில் சொல்கிறான் என்பார்கள். நீ சொல்ல வேண்டும். நீ சொல்வாயா என்று உன் முகத்தையே பார்த்தேன். சம்சாரி உன்னைத் தனியாகக் கூப்பிட்டார், கூப்பிட்டாலும் அந்தச் சின்னக் கொட்டத்தில் எல்லாம் கேட்டது. இது எப்படி நடந்ததோ தெரியவில்லை, வெளியே சொன்னால் கேவலம், என் பெட்டைக்கு மட்டக்குதிரை ஏறியது என்று பேர் வரும், உன் குட்டி என்றே கொண்டுபோ என்றார். நீ குனிந்து அந்தக் கோட்டின்மேல் விரலை வைத்துக் கழுத்திலிருந்து வால்வரைக்கும் தடவினாய். பிறகு சிரித்தாய், கொட்டத்துக் கூரையில் இருந்த காக்கா பறக்கிற மாதிரி.

"யாரு குட்டின்னு அது முதுகே சொல்லுதே அண்ணாச்சி. நான் வேற என்னத்தச் சொல்ல? குட்டி இவனுக்கு."

அன்றைக்கு நான் ஜெயித்தேன். என் வாழ்க்கையில் முதல்தடவையாக, நீ பக்கத்தில் நிற்கும்போதே, என்னுடையது உன்னுடையதைத் தாண்டிப் போய்விட்டது. ஸ்டாண்டுக்கு வரும்வரைக்கும் அந்தச் சந்தோசம் இருந்தது. அங்கே வந்து நீ எல்லாரிடமும் சொன்னாய், மறைக்காமல், சிரித்துக்கொண்டே. அவ்வளவுதான். மனுசன் என்றால் இவன் அல்லவா மனுசன், கையில் வந்த குட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட்டானே என்று உன்னைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். என் குதிரை போட்ட குட்டி, வழக்கப்படி எனக்கு வரவேண்டிய குட்டி. அதை நீ எனக்குத் தானம் பண்ணியதாக ஊர் பேசியது. வீட்டில் என் பெண்டாட்டி உன் பிள்ளைகளுக்கு அதிரசம் சுட்டுக் கொடுத்துவிட்டாள். உன்னைப் போல ஒரு சிநேகிதன் கிடைக்க நான் கொடுத்துவைத்திருக்க வேண்டுமாம். குட்டி எனக்கு வந்தது, பேர் உனக்குப் போனது. தோற்றால்கூட இவனால் ஜெயித்துவிட முடிகிறதே என்று அன்று நான் அந்த அதிரசத்தைத் தொடவில்லை.

பால்குடி மறந்ததும் குட்டியைக் கொண்டுவந்தேன். ராணி என்று பேர் வைத்தேன். நீ ஒரு தடவை அந்த முதுகுக் கோட்டைப் பார்த்து ஜரிகை என்றாய், மறுநாளிலிருந்து ஊரே ஜரிகை என்றது, நானும் ஜரிகை என்றுதான் கூப்பிட்டேன். கட்டையன் போன பிறகு எண்பதுகளில் அவள்தான் என் வண்டியை இழுத்தாள். நீ துரையை விற்றுவிட்டு ஆட்டோ வாங்கியிருந்தாய். உன் ஆட்டோச் சத்தம் கேட்டால் அவள் காதைத் திருப்புவாள். நான் தீனி போடுகிறேன், அவள் உன்னைப் பார்த்துக் கனைக்கிறாள். இதையெல்லாம் நான் யாரிடம் போய்ச் சொல்வது?

எனக்கு மிச்சம் இருந்தது ஒரு கதைதான். அன்று நாங்கள் கம்மஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, கட்டையன் கயிற்றை அறுத்துக்கொண்டு போய், காரியத்தை முடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக அதே உடைமரத்தடியில் வந்து நின்றிருக்கிறான். நீ அந்த நேரம் எங்கேயோ நிழலில் கண் அசந்திருப்பாய். இந்தக் கதையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். கல்யாண வீட்டில், சாவு விழுந்த துஷ்டி வீட்டில், டீக்கடையில், என் பேரப்பிள்ளைகளிடம். சொல்லும்போதெல்லாம் அநேகமாக நீயும் உட்கார்ந்திருப்பாய். கயிறு அறுகிற இடம் வரும்போது முதலில் சிரிப்பது நீதான். உன் துரையை ஜெயித்த கதைக்கு நீயே சிரிக்கிறாயே என்று அதிலும் எனக்கு ஒரு எரிச்சல். உன்னைப் பொறாமைப்பட வைக்க முடியவில்லையே என்பதுதான் என் பொறாமைகளிலேயே பெரிசு.

போன ஆவணியில் எப்போதும்வென்றானில் உன் மகள் வீட்டுக்கு உன்னைப் பார்க்க வந்தேன். கட்டிலில் துணி போட்டு வைத்த மாதிரி கிடந்தாய், குரல் மட்டும் அப்படியே இருந்தது. உன் மனைவி எனக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தாள். பழைய பேச்சு வந்தது. உன்னைச் சிரிக்கவைக்கலாம் என்று அந்தக் கதையை எடுத்தேன். கயிறு அறுகிற இடம் வந்ததும் நீ சிரிக்கவில்லை. கையைத் தூக்கினாய்.

"கயிறு அறலலே. நாந்தான் அவுத்து விட்டேன்."

எனக்குப் புரியவில்லை. நீ மூச்சை விட்டு விட்டுச் சொன்னாய். நாங்கள் சாப்பிடப் போனதும் செவலை உன் துரையின் பக்கம் திரும்பவே இல்லை. உடைமரத்துப் பக்கமே நின்றாள், காது இரண்டும் அந்தப் பக்கம். கட்டையனைப் பார்த்துக் கனைத்தாள். அவன் கட்டின கயிற்றோடு சுற்றிச் சுற்றி வந்தான். உனக்குப் பொறுக்கவில்லை. துரையை ஒரு மரத்தில் இறுக்கிக் கட்டிவிட்டு அவனை அவிழ்த்துவிட்டாய். அவனுக்கு எட்டாது, உயரம் போதாது. அவள் என்ன செய்தாள் தெரியுமா என்றாய். தானாக நடந்துபோய் ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கி, கரைக்கு முதுகைக் கொடுத்து நின்றாளாம். அவன் கரை மேட்டில் நின்றானாம். எந்தக் கயிறும் இல்லை, யாரும் பிடிக்கவில்லை. முடிந்ததும் நீ அவனைக் கொண்டுவந்து மறுபடியும் கட்டியிருக்கிறாய்.

"நான் தடுக்க யாருலே? தினமும் வந்து உதை வாங்கிக்கிட்டு நின்னது அவன்தான. என்னுது ஒரு நாள் வந்துட்டு மேல பாயுது" என்றாய். பிறகு கொஞ்சம் இருமிவிட்டு, "நீ அவன் கழுத்தைக் கட்டிக்கிட்டு அழுதியே, அவன் தலையத் தொங்கப்போட்டது துக்கத்துல இல்லலே, அலுப்புல" என்றாய். கட்டில் ஆடுகிற மாதிரி சிரித்தாய்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இத்தனை வருசம் நான் என் கையால் ஜெயித்ததாக வைத்திருந்த ஒன்றே ஒன்று. அதற்கும் முடிச்சை அவிழ்த்தது நீ. அவள் என் குதிரையைத்தான் கேட்டாள் என்பது உண்மை, அதைக் கேட்டபோது உடம்பெல்லாம் சிலிர்த்ததும் உண்மை. ஆனால் அதைக்கூட உன் வாயால் கேட்டுத்தான் நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அப்போதே ஏன் சொல்லவில்லை என்றேன். குரல் உயர்ந்துவிட்டது, உன் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப்பார்த்தாள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். அப்போது சொல்லியிருந்தால் சம்சாரி நம் இரண்டு பேரையும் வரப்பில் ஏற விட்டிருக்கமாட்டார், குட்டியையும் கண்ணில் காட்டியிருக்கமாட்டார் என்றாய். சரி, அதற்குப் பிறகு இத்தனை வருசம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தா அந்தக் கதைய நீ சொல்லுவியா? நீ எவ்வளவு நல்லாச் சொல்லுதே. எனக்கு அதைக் கேக்கப் பிடிக்கும்லே."

காப்பி ஆறிப்போயிருந்தது, குடித்துவிட்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது உன்னை வைதுகொண்டே வந்தேன். அடுத்த வாரம் மறுபடி வந்து இன்னும் நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று நினைத்திருந்தேன். அதற்குள் உன் மகன் போன் பண்ணிவிட்டான்.

உன்னை அடக்கம் பண்ணின அன்று உங்கள் மாதா கோயில் வாசலில் கூட்டம் தாங்கவில்லை. அதையும் பார்த்து வயிறு எரிந்தேன் என்று சொன்னால் நீ நம்புவாய். வந்தவர்களெல்லாம் என்னைத்தான் தேடி வந்து கையைப் பிடித்தார்கள். எப்போது, எப்படி, கடைசியாக என்ன சொன்னான் என்று கேட்டார்கள். நான் ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னேன். ஸ்டாண்டைப் பற்றி, துரையைப் பற்றி, கையில் வந்த குட்டியை அடுத்தவனுக்குத் தூக்கிக் கொடுத்ததைப் பற்றி நானே சொன்னேன். தானம் என்றே சொன்னேன். குழிக்குப் பக்கத்தில் உன் மனைவி, "அண்ணாச்சி, நீங்க போடுங்க" என்று என்னைக் கூப்பிட்டாள். பிள்ளைகளுக்கு அடுத்து நான் மண் அள்ளிப் போட்டேன். கரிசல் மண், ஈரமாக இருந்தது, விரலில் ஒட்டிக்கொண்டு விழ மறுத்தது.

எனக்கும் ஒரு நாள் வரும். பிள்ளைகள் இருக்கிறார்கள், செய்ய வேண்டியதைச் செய்துவிடுவார்கள். ஆனால் வாசலில் நின்று, வருகிறவன் கையையெல்லாம் பிடித்துக்கொண்டு, நான் எப்படிப்பட்டவன் என்று சொல்ல, கட்டையன் கயிற்றை அறுத்துக்கொண்டு போன கதையைப் பொய் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை குறையாமல் சொல்ல, எனக்கு யார் இருக்கிறார்கள்? உனக்கு நான் இருந்தேன். இதிலாவது என்னை முந்தவிட்டிருக்கலாம்.